சுவரில் ஏறிய நாற்காலி

போத்தனூர்
12 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் இன்றைக்கும் எங்களுக்குச் சோறும் மூச்சும் தந்திருக்கிறார் என்று எழுதித் தொடங்குகிறேன். இந்த வரியிலேயே நீங்கள் கடிதத்தைக் கசக்கிப் போடாமல் இருந்தால் போதும்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் என்னால் பேச முடியாது. எங்கள் வீடு ஒரே அறை, அதில் ஒரு கட்டில், கட்டிலில் அவர். அடுப்பு பக்கம் நின்று கிசுகிசுத்தாலும் அவர் காதில் விழும். போனும் அவரிடம்தான் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க ஏறிய சாரம் சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் போன நாளிலிருந்து அவருக்கு வெளியுலகம் என்றால் அந்தப் போன் ஒன்றுதான். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்பார். ஞாயிறு ஆராதனையையும் நேரலையில் அதில்தான் பார்ப்பார். அதனால் தையல் கடையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பதில் போட்டால் கடை விலாசத்துக்குப் போடுங்கள். முதலாளி அப்துல் முத்தலிப் பாய் பிரிக்காமல் என் கையில் தருவார்.

உங்கள் கோபம் நியாயமானது. திங்கட்கிழமைதோறும் வேலையை விட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு அலைந்து நீங்கள் வாங்கிக் கொடுத்த சக்கர நாற்காலி அது. ஜனவரியில் எங்கள் சபை நடத்திய சுகமளிக்கும் கூட்டத்தில் அதை என் கையாலேயே மேடைக்குத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியூர் ஊழியக்காரர் ஜெபித்தார். இரண்டு பேர் இவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கூட்டிப்போனார்கள். சனங்கள் அல்லேலூயா என்று கத்தினார்கள். யாரோ என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டி, "சாட்சி சொல்லு மகளே" என்றார்கள். ஆண்டவர் செய்ததை எல்லார் முன்பாகவும் சொல்வதுதான் எங்களுக்குச் சாட்சி. "என் வீட்டுக்காரர் நடந்தார்" என்று சொன்னேன்.

அக்கா, அவர் நடக்கவில்லை. அன்றைக்கும் நடக்கவில்லை, இன்றைக்கும் நடக்கவில்லை.

இப்போது முதுகுக்கு அடியில் ஒரு புண் வந்திருக்கிறது. கட்டுப் போட வரும் நர்ஸ் வரலட்சுமி சொல்கிறார்: "உக்கார வைங்கம்மா. இப்பிடியே படுத்துக் கெடந்தா இந்தப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிரும். ஆளையே கொண்டு போயிருமுங்க." ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் பெற்ற சுகத்தை மறுதலித்ததாகிவிடும் என்று அவர் உட்கார மறுக்கிறார். என் சாட்சி அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறது. நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உங்கள் தங்கை,
கிருபா

*

தொண்டாமுத்தூர்
21 ஜூன் 2024

பாவாத்தாளுக்கு,

ஞானஸ்நானத்தில் உனக்கு வைத்த பேரை நான் எழுத மாட்டேன். அம்மா வைத்த பேர் பாவாத்தாள், எனக்கு நீ பாவாதான்.

அதென்னடி புதுசா நீங்கள், உங்கள்? நான் என்ன தாசில்தாரா? கோபம் இருந்தால் சண்டை போடு, பயம் இருந்தால் அழு. இந்த மரியாதை எல்லாம் என்னிடம் வேண்டாம்.

உன் வீடியோவைப் பார்த்தேன். இங்கே வெங்காயம் ஆயும் பொம்பளைகள் எல்லாரும் பார்த்தார்கள். "செவ்வந்தி, உன்ற தங்கச்சி புருசன் நடந்துட்டாராமா?" என்று கேட்டபோது ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கே இப்படி இருந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை, அது வேறு.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கேட்டது கிடைக்கவில்லையென்றால் நானும் மாசாணியம்மனிடம் சண்டைக்கு நிற்பேன். கண்டபடி பேசுவேன், அவளும் கேட்டுக்கொள்வாள். ஆனால் கொடுக்காததைக் கொடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி நான் அவளை மாட்டிவிட்டதில்லை. நீ உன் சாமியையே மாட்டிவிட்டிருக்கிறாய்.

இங்கே போன வாரம் ஆனை இறங்கி, நான் வேலைக்குப் போகும் தோட்டத்தில் நல்ல காய்ப்பில் இருந்த தென்னையைச் சாய்த்துப் போட்டது. தோட்டத்துக்காரர் ஈஸ்வரமூர்த்தி ஐயா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டு, "வெறகுக்காச்சு நீயே எடுத்துக்க செவ்வந்தி" என்றார். எங்கள் வாசலில் கிடக்கிறது.

அந்த வண்டி இப்போது எங்கே இருக்கிறது? போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வா. உயிரைவிட உனக்கு மேடைப் பேச்சு பெரிதா?

செவ்வந்தி

*

போத்தனூர்
3 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

திட்டி எழுதினாலும் நீ எழுதினாயே, அதற்கே ஸ்தோத்திரம்.

நாற்காலி எங்கே என்று கேட்டாய். சபைச் சுவரில் இருக்கிறது. பிரசங்க மேடைக்குப் பின்னால் உயரத்தில் இரும்புக் கம்பி அடித்து அதன்மேல் ஏற்றி, நட்டுப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் சீரியல் லைட். கீழே "சுகம் தந்த தேவன்" என்று எழுதிய போர்டு. ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பாட்டுப் பாடுகிறேன்.

சுகம் கிடைத்துவிட்டது, பலம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும் என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருக்கிறார். சபையும் அப்படியே நம்புகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஈரோட்டிலிருந்து ஒரு தாய், கால் சூம்பிப்போன மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவர் படுத்திருப்பதைப் பார்த்தும் அவள் சந்தேகப்படவில்லை. களைப்பாக இருப்பார் என்று அவளே சொல்லிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பிடிங்க்கா ஜெபிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன கொடுக்க முடியும்?

இதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருக்கிறது. உனக்கு இது புரியுமோ தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குடும்ப ஜெபம் செய்வோம். விபத்து நடந்த நாளிலிருந்து அழுது அழுது கேட்டோம், ஆண்டவரே நடக்க வையும் என்று. இப்போது கேட்கக் கூடாது. கிடைத்துவிட்டதை மறுபடியும் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். அதனால் ஜனவரியிலிருந்து நாங்கள் ஒன்றுமே கேட்பதில்லை. "சுகம் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று அவர் சொல்வார், நான் ஆமென் என்பேன், முடிந்தது. ஆண்டவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் வாழ்ந்தேன். அந்த வாசலையும் என் வாயாலேயே சாத்திக்கொண்டேன்.

குளிக்கப் போகும்போது குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள்ளே மட்டும் உண்மையாக ஜெபிக்கிறேன். அப்போது கேட்கிறேன். ஒரு நாளும் விட்டதில்லை அக்கா. பதில் வரவில்லை, அதற்காக நிறுத்தவும் எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு என்பாய். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் உயிரோடு இருக்கிறார். அதையும் நான் பிடுங்கிவிட்டால் அவருக்கு என்ன மிச்சம்?

கிருபா

*

தொண்டாமுத்தூர்
22 ஜூலை 2024

பாவா,

நேற்று நான் உன் சபைக்குப் போன கதை இதற்குள் உன் காதுக்கு வந்திருக்கும். என் வாயாலும் கேட்டுக்கொள்.

நீங்கள் எல்லாரும் ஆராதனை முடிந்து போன பிறகுதான் போனேன். வாசலில் மூன்று படி, அதில் நடுப்படி உயரம். கால் கட்டைவிரலைத் தட்டிக்கொண்டேன். உள்ளே நிமிர்ந்து பார்த்தால், அட மாசாணி! நான் வெயிலில் நின்று வாங்கிய வண்டி கல்யாண மண்டபம் மாதிரி மினுக்கிக்கொண்டு சுவரில் இருக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

உங்கள் பாஸ்டரிடம் மரியாதையாகத்தான் பேசினேன். "ஏனுங்க, அந்த வண்டி நாங்க வாங்குனதுங்க. எறக்கிக் குடுத்தீங்கன்னா கொண்டுட்டுப் போயிருவனுங்க" என்றேன்.

"உக்காருங்கம்மா" என்று சேர் போட்டார். "சாமுவேல் தம்பிக்குச் சுகம் கெடச்சாச்சுங்க. பலம்தான் வந்துட்டிருக்குது. இப்பப் போயி இதக் கேட்டீங்கன்னா அவரு விசுவாசமே ஒடஞ்சு போயிருமுங்கம்மா" என்றார்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். உன் மானம் போய்விடுமே என்று மூடிக்கொண்டேன். என் ஜென்மத்தில் நான் வாயை மூடியது இதுதான் முதல் தடவை, எழுதி வைத்துக்கொள். ஆனைமலைக்குப் போய் மாசாணியிடம் நியாயம் கேட்டு, அந்த ஆள் பேரில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மனுஷர் முகத்தைப் பார்த்தால் அரைக்க மனசு வரவில்லை. அவர் நிஜமாகவே நம்புகிறார். நீ சொன்னதைத்தானே நம்புகிறார்?

திரும்பும்போது சவுண்ட் பெட்டி பார்க்கும் நெட்டையான ஆள், கண்ணையாவாம், பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "சாமுவேலண்ணன் எப்பிடி இருக்காருங்க?" என்று கேட்டார். "போய்ப் பாருங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செவ்வந்தி

*

போத்தனூர்
30 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ ஏன் வந்தாய்? உன்னை யார் வரச் சொன்னார்கள்?

நீ வந்துபோன அன்று சாயங்காலமே பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் இவர் எதிரிலேயே கேட்டார். "அக்காள் ஏன் அப்படிக் கேட்டாங்க சகோதரி? நீங்க எதாச்சு சொன்னீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றேன். இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த மாதிரி அதையும் செய்தாயிற்று.

அவர் போன பிறகு இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குள்ளதான் எதோ கொறை இருக்குது கிருபா. உபவாசம் இருந்து பாக்கறேன்." நான் கெஞ்சினேன். புண்ணோடு கிடக்கிற உடம்பு, சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாள் காய்ச்சல் கொதித்தது. பினாத்தினார். முத்தலிப் பாய்தான் வண்டி பிடித்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் அங்கேதான் இருக்கிறோம். புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். உள்ளே கை விட்டுக் கழுவும் அளவுக்குக் குழி. அவருக்கு அங்கே வலி தெரியாது. பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். "படிச்ச பொண்ணுதானே நீ? ஏன் உட்கார வைக்கலை?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இவர் அந்தக் காய்ச்சலிலும் கையைத் தூக்கி, "எனக்குச் சுகமாயிருச்சுங்க மேடம், ஸ்தோத்திரம்" என்கிறார். வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக் குளியலறையில் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஜெபிக்கக்கூட இடம் இல்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே. உன் கடிதம் வந்தால் ஏதாவது ஒன்று நடக்கிறது.

கிருபா

*

தொண்டாமுத்தூர்
11 செப்டம்பர் 2024

பாவா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உனக்கு முகம் காட்டப் பயம், அதுதான் நிஜம். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று சிரித்தார். எலும்பும் தோலுமாக இருக்கிறார். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், தின்றார். "உங்களுக்காகத்தான் தெனமும் ஜெபிக்கறனுங்க" என்றார். "எனக்கென்ன கேடு, உங்களுக்கு ஜெபிச்சுக்குங்க" என்றேன்.

அப்புறம் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக ஒன்று கேட்டார்: "ஏனுங்கக்கா, சபைக்குப் போனீங்களே, அந்த வண்டி நல்லா இருக்குதுங்களா? துரு கிரு புடிக்கலையே?"

நல்லா இருக்குதுங்க என்றேன். பஸ் ஏறின பிறகுதான் எனக்கு உறைத்தது. நடக்கிற ஆளுக்கு வண்டி துருப்பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

நான் உன் வேதத்தைப் படித்தவள் இல்லை. நீயே யோசி. இனி நான் அங்கே வந்து யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன். சத்தியம்.

அக்கா

*

போத்தனூர்
5 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்தேன். அவரைப் பார்ப்பேன், கேட்டுவிடலாமா என்று நினைப்பேன், அவர் ஸ்தோத்திரம் என்பார், நான் ஆமென் என்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் புண் ஆறவில்லை. "இன்னொருக்கா காய்ச்சல் வந்தா தாங்க மாட்டாருங்க" என்று வரலட்சுமி சொல்லிவிட்டார்.

முந்தாநாள் ஞாயிறு. அவருக்குப் போனில் நேரலையைப் போட்டு நெஞ்சின்மேல் வைத்துவிட்டுச் சபைக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். சகோதரி கிருபா என்றதும் பாஸ்டர் ஐயாவுக்குச் சந்தோஷம், அவரே மைக்கைக் கொடுத்தார். ஜனவரியில் நின்ற அதே இடத்தில் நின்றேன். சபையைப் பார்க்கவில்லை. மூலையில் ஸ்டாண்டில் வைத்திருந்த கேமராவைப் பார்த்தேன். அந்தப் பக்கம் அவர் இருந்தார்.

வீட்டில் கூப்பிடுகிற மாதிரியேதான் கூப்பிட்டேன். "ஏனுங்க, நீங்க நடக்கலீங்க. நாந்தான் நடந்தீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஆண்டவர் செய்யாததச் செஞ்சாருன்னு சொல்லிப்போட்டேன். அவரு என்னைக் கைவிடலீங்க, ஆனா உங்களுக்கு இன்னும் சுகம் தரலீங்க. தருவாரான்னும் எனக்குத் தெரியாது. நான் அவர விட மாட்டேன். நீங்க அந்த வண்டியில உக்காரோணுமுங்க. இல்லீன்னா செத்துப் போயிருவீங்க."

உடனே ஒரு அம்மா, "சாத்தான் பேசுறான், மைக்க வாங்குங்க" என்று கத்தினார். பாஸ்டர் ஐயா கை நீட்டினார். சவுண்டை நிறுத்தச் சொல்லி யாரோ கண்ணையாவிடம் ஓடினார்கள். அவர் நிறுத்தவில்லை. பெட்டியை விட்டு எழுந்து வந்து சொன்னார்: "அன்னிக்கு ஒரு பக்கம் தூக்குனது நானுங்க. அவரு பாதம் தரையில படவே இல்லீங்க. அப்பயிருந்து எனக்குத் தூக்கமில்லீங்க."

சொல்லிவிட்டு ஏணியைக் கொண்டு வந்து சுவரில் சாய்த்தார். பாதிச் சபை எழுந்து வெளியே போய்விட்டது. ஏணி ஆடியது. யார் வந்து பிடித்தார்கள் தெரியுமா? பாஸ்டர் ஐயாதான். கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு இன்னும் தெரியாது.

நானும் கண்ணையாவும் அதைத் தெருவில் தள்ளிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள் என்ன பார்க்கப் போகிறேனோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்தால், போன் அவர் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடக்கிறது. கண்ணோரம் ஈரம். நான் பேசுவதற்குள் அவர் கேட்டார்:

"துரு புடிச்சிருக்குதா கண்ணு?"

"எடது சக்கரத்துல கொஞ்சமா."

"தேங்கெண்ண போடு. வந்துரும்."

அப்போதுதான் கேட்டேன், உங்களுக்கு எப்போது தெரியும் என்று.

"தூக்குனப்பவே தெரியும். நீ அத்தன சந்தோசமா மைக்குல சொன்னியே. உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரல" என்றார். நான் அவருக்காகச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் எனக்காகச் செத்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட முட்டாள்கள் நாங்கள்! கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்ணையா வெளியே போய் நின்றுகொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. தெருவில் பாதிப் பேர் முகம் கொடுப்பதில்லை. புண் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஈரோட்டுத் தாய்க்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் கண்ணையாவின் உதவியோடு அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். தலை சுற்றுகிறது என்றார், கொஞ்சம் பொறுத்துத் தெளிந்தார். ஜன்னல் பக்கம் திருப்பினேன். ரயில் ஒன்று போனது, அது முழுசாகப் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜெப நேரம். ஸ்தோத்திரம் சொல்லித் தொடங்குவார் என்று நான் கண்ணை மூடினேன். அவர் இதைத்தான் சொன்னார்:

"ஆண்டவரே, என்னால நடக்க முடியலீங்க. நடக்க வைங்க. வைக்கலீன்னாலும் நாளைக்கும் கேப்பனுங்க."

நான் ஆமென் சொன்னேன் அக்கா. ஜனவரிக்குப் பிறகு மனசாரச் சொன்ன முதல் ஆமென் இதுதான்.

உன் தங்கை,
கிருபா

*

தொண்டாமுத்தூர்
12 நவம்பர் 2024

கிருபாவுக்கு,

ஆமாம், அந்தப் பேரைத்தான் எழுதியிருக்கிறேன். ரொம்ப ஆடாதே.

உன் கடிதத்தை வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். எல்லாரும் ஏன் அழுகிறாய் என்றார்கள், வெங்காயம் என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாயா? முகம் கொடுக்காதவர்கள் கொடுக்காமல் போகட்டும், நீ கூட்டிக்கொண்டு போ. ஆனால் வாசலில் மூன்று படி இருக்கிறது, நடுப்படி உயரம். வண்டி ஏறாது. என் கால் விரலுக்குத் தெரியும்.

ஆனை சாய்த்த தென்னை காய்ந்து கிடந்தது. அறுத்துப் பலகை போட்டாயிற்று. நல்ல நீளம், ஆள் உட்கார்ந்த வண்டியே ஏறலாம். உள்ளே நான் வரமாட்டேன், பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

முதல் பஸ்ஸுக்கு வாரேன்.

செவ்வந்தி